துணைச் செயற்கூறா, விளக்கக் குறிப்பா? லினக்ஸ் நினைவக நிரலில் ஒரு தேர்வு

லினக்ஸின் மையக்கருவான கெர்னல் 6.3-க்கு மாறிய அன்று, ஒரு வன்பொருளை இயக்கும் எங்கள் டிரைவர் கம்பைல் ஆகவில்லை. தகராறு ஒரே ஒரு வரியில். பயனர் நிரல் எம்மேப் கேட்கும்போது, அதாவது நினைவகத்தைத் தன் முகவரிகளோடு இணைத்துத் தரச் சொல்லும்போது, அந்த நினைவகப் பகுதியைக் குறிக்கும் விஎம்ஏ கட்டமைப்பின் கொடிகளோடு மேலும் இரண்டு கொடிகளைச் சேர்க்கும் வரி அது. பல ஆண்டுகளாக யாரும் தொடாமல் கிடந்தது. இப்போது கம்பைலரான ஜிசிசி, இந்த உறுப்பு படிக்க மட்டுமே, எழுத விடமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டது.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை எதற்குக் கிளறுகிறார்கள் என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. இனிமேல் விஎம்_ஃபிளாக்ஸ்_செட் என்ற துணைச் செயற்கூற்றை அழைக்க வேண்டுமாம். இரண்டு நிமிட வேலை. மாற்றிவிட்டு, பிழை தேடும் வசதிகள் இயங்கும் கெர்னலில் ஓட்டிப் பார்த்தேன். எம்மேப் பாதை அமைதியாகப் போனது. ஐயாக்டில் பாதையில், அதாவது பயனர் நிரல் டிரைவருக்குத் தனிக் கட்டளை அனுப்பும் வழியில், எச்சரிக்கை கொட்டியது: பிறர் எல்லாரையும் தள்ளிவைக்கும் எழுதும் பூட்டு இல்லாமலேயே கொடிகள் மாற்றப்படுகின்றன. அந்த வரி இருந்த எங்கள் செயற்கூற்றின் தலையில் ஒரு குறிப்புரை இருந்தது: "அழைப்பவர் எம்மேப் பூட்டை எழுதும் முறையில் பிடித்திருக்க வேண்டும்." எழுதியவன் நான். இரண்டு ஆண்டு கழித்து, பலர் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய வெறும் படிக்கும் பூட்டோடு அதை அழைத்தவனும் நான்.

அதன்பின் எங்கள் சிறு குழுவில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. டிரைவரின் பஃபர் நிர்வாகப் பகுதியில் இப்படிப்பட்ட விதிகள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் துணைச் செயற்கூறுகளுக்குள் அடைத்துவிடலாம் என்றது ஒரு தரப்பு. ஏற்கெனவே செயற்கூறுகள் அளவுக்கு மீறி இருக்கின்றன, ஒழுங்காக ஓர் ஆவணம் எழுதினால் போதும் என்றது மறு தரப்பு. இரண்டையும் பல ஆண்டுகளாகச் செய்துபார்த்து, இரண்டிலும் சூடு பட்டிருப்பது லினக்ஸின் நினைவக நிரல். அதனால் முடிவெடுக்கும் முன் அங்கே நடந்தவற்றைப் புரட்டினேன்.

முதலில் என்னைச் சிக்கவைத்த அந்தக் கொடிகள். ஒரு செயல்முறையின் பக்கப் பிழைகளை (கேட்ட பக்கம், அதாவது நினைவகத் துண்டு, இன்னும் தயாராக இல்லாதபோது எழுபவை) கையாள, முன்பு அதன் முழு முகவரி வெளிக்கும் சேர்த்து ஒரே பூட்டைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இழைகள் பல ஓடும் நிரல்களில் இது பெரிய நெரிசல். ஒவ்வொரு விஎம்ஏ-வுக்கும் தனிப் பூட்டு வைக்கும் ஏற்பாடு 2023-ல் 6.4-ல் வந்தது; சுரேன் பக்தசார்யன் முன்னின்று செய்த வேலை. அதற்கு முன்னேற்பாடாக, கொடிகளை மாற்றும் ஒவ்வோர் இடத்தையும் கண்டுபிடித்தாக வேண்டும். கெர்னல் முழுவதும், டிரைவர்கள் உட்பட. எழுதும் பூட்டு வேண்டும் என்ற விதி புதிதல்ல, தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் எங்கே என்னென்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவர்கள் செய்தது எளிமையான தந்திரம். அந்த உறுப்பை கான்ஸ்ட் என்று அறிவித்தார்கள். உண்மையில் எழுதும் வழியை வேறொரு மறைவுப் பெயருக்குள் வைத்தார்கள். நேரடியாக எழுதிய அத்தனை இடங்களையும் கம்பைலரே சுட்டிக்காட்டியது. மாற்றாக வந்த செயற்கூறுகளில் இரண்டு வகை. விஎம்_ஃபிளாக்ஸ்_செட் போன்றவை பூட்டு இருக்கிறதா என்று சோதிக்கும். விஎம்_ஃபிளாக்ஸ்_இனிட், இன்னும் யார் கண்ணிலும் படாத புதிய விஎம்ஏ-வுக்கு உரியது; அங்கே பூட்டுக்குத் தேவை இல்லை. எதை அழைப்பது என்று முடிவு செய்யும்போதே, இந்த விஎம்ஏ பிறருக்குத் தெரியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குறிப்புரை ஒன்று அதே கேள்வியைக் கேட்கலாம். ஆனால் பதில் சொல்லாமல் கடந்துபோகவும் விட்டுவிடும்.

இன்னும் தெளிவான வெற்றி பெருக்கல் கணக்கில் கிடைத்தது. உறுப்புகளின் எண்ணிக்கையை ஒன்றின் அளவால் பெருக்கி, நினைவகம் ஒதுக்கித் தரும் கேமல்லாக்கிடம் கொடுப்பது சி நிரலாளர்களின் பழைய பழக்கம். 32 பிட் இயந்திரத்தில், 16 பைட் உறுப்புகள் 26,84,35,457 வேண்டும் என்று பயனர் தரப்பிலிருந்து ஓர் எண் வருகிறது என்று வையுங்கள். பெருக்கினால் 429,49,67,312. 32 பிட்டில் அடங்குவது 429,49,67,295 வரை மட்டுமே. எண் நிரம்பி வழிந்து, மிஞ்சுவது 16. கேமல்லாக் சமர்த்தாக 16 பைட் கொடுக்கும். பிறகு சுற்று ஓடத் தொடங்கி, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும். பாதுகாப்புத் துளைகளில் இது ஒரு தனிக் குலம்.

"பெருக்கும் முன் சோதிக்கவும்" என்று ஆவணத்தில் எழுதலாம்தான். ஆனால் அந்த வரியை எழுதுபவர் அந்த நேரத்தில் ஆவணத்தைத் திறக்கமாட்டார். பெருக்கலில் என்ன சிக்கல் வரும் என்று யாருக்குச் சந்தேகம் வரும்? கேமல்லாக்_அரே 2012-ல் வந்தது. எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியே வாங்கிக்கொண்டு, பெருக்கல் வழிந்தால் எந்த இடத்தையும் காட்டாத வெறும் சுட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். பூஜ்ஜியமிட்டுத் தரும் கேகாலாக் அதற்கும் முன்பே உண்டு. இருந்தும் பழைய வழக்கம் போகவில்லை. 2018-ல் கீஸ் குக் கெர்னல் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றும் திருத்தங்களை அனுப்பியபோதுதான் நிலைமை மாறியது. வால் பகுதியில் நெகிழும் வரிசை கொண்ட கட்டமைப்புகளுக்காக ஸ்ட்ரக்ட்_சைஸ் என்ற மேக்ரோவும் அதே ஆண்டு வந்தது. கணக்கு வழிந்தால் அது சாத்தியமான மிகப்பெரிய எண்ணைத் தரும். அவ்வளவு நினைவகத்தை எந்த ஒதுக்கீட்டாளரும் தரமாட்டார், கோரிக்கை தோற்றுவிடும். கெர்னல் ஆவணத்தில் "இனி பயன்படுத்தக் கூடாதவை" பட்டியலில் இந்தப் பெருக்கலும் இருக்கிறது. அந்தப் பட்டியல் முதன்மையாக மறுபார்வை செய்பவருக்குக் கைகொடுக்கிறது: திருத்தத்தைத் திருப்பி அனுப்பும்போது சுட்டிக்காட்ட ஓரிடம் வேண்டுமே.

இந்த இரண்டு கதைகளையும் மட்டும் வைத்துப் பார்த்தால் செயற்கூறு தரப்பு அப்போதே வென்றுவிட்டது. இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அந்தச் செயற்கூறுகளுக்கு மறுக்கத் தெரியும். ஒன்று எச்சரிக்கும், மற்றொன்று வெறும் சுட்டைத் தரும். மறுக்கத் தெரியாத துணைச் செயற்கூறுகளின் கதை வேறு.

பக்கங்களை விடுவிக்கும் பெயர்களையே பாருங்கள். ஃப்ரீ_பேஜஸ் என்று ஒன்று. அதே பெயரின் முன் இரண்டு அடிக்கோடு சேர்த்து இன்னொன்று. அடிக்கோடு இல்லாதது எண்ணாக ஒரு முகவரியை வாங்கும். அடிக்கோடு உள்ளது பேஜ் கட்டமைப்பின் சுட்டை வாங்கும். கெர்னலில் அடிக்கோடு என்றால் வழக்கமாக "உள்வேலைக்கு, தொடாதே" என்று பொருள். இங்கே அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புதிதாக வருபவர் எவரும் ஒருமுறையாவது இதில் இடறுவார். தட்டச்சைக் குறைக்கவும் வகைமாற்றத்தை மறைக்கவும் பிறந்த செயற்கூறுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் எது எதற்கு என்று விளக்கத் தனி ஆவணம் கேட்கின்றன.

முகவரிகளை நினைவகப் பக்கங்களோடு பொருத்தும் பக்க அட்டவணை நிரலில் ஒரு பெயர் இருந்தது: பிஎம்டி_நன்_ஆர்_டிரான்ஸ்_ஹியூஜ்_ஆர்_கிளியர்_பேட். காலியா, பெரிய பக்கமா, கெட்டதா, கெட்டதென்றால் துடைத்துவிடு என்று நான்கு சங்கதிகள் ஒரே பெயரில். அதன் தலைக்கு மேல் நீளமான குறிப்புரை: படிக்கும் பூட்டு மட்டும் கையில் இருக்கும்போது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய பக்கம் தோன்றலாம், மறையலாம் என்று விளக்கியது. நல்ல குறிப்புரைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கூப்பிட மறந்தவரைத் தடுக்க வழியில்லை. 2023-ல் ஹியூ டிக்கின்ஸ் வேறு பக்கத்திலிருந்து வந்தார். அடுத்த படியான பிடிஇ_ஆஃப்செட்_மேப் தானே தோற்கலாம், வெறும் சுட்டைத் தரலாம் என்று மாற்றினார். முன்கூட்டியே கேட்டுவைக்கும் செயற்கூற்றுக்கு வேலை போயிற்று. சோதனையை அழைப்பவரின் நினைவாற்றலிடம் விடாமல், தவிர்க்க முடியாத பாதையிலேயே வைத்துவிட்டார்.

செலவை மறைப்பது இன்னொரு குற்றம். பல பக்கங்கள் சேர்ந்த கூட்டுப் பக்கத்தில் தலைப்பக்கம் ஒன்று, மற்றவை வால்பக்கங்கள். கையில் இருப்பது தலையா வாலா என்று பேஜ் சுட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே புட்_பேஜ் முதற்கொண்டு எத்தனையோ துணைச் செயற்கூறுகள் உள்ளே ஓசையில்லாமல் தலைப்பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தன. ஒரே செயற்கூற்றுக்குள் நான்கு உதவியாளர்களை அழைத்தால் நான்கு தேடல். மேத்யூ வில்காக்ஸ் கொண்டுவந்த ஃபோலியோ, 2022 ஜனவரியில் வெளியான 5.16-ல் நுழைந்தது. ஃபோலியோ என்றாலே அது வால்பக்கம் அல்ல என்பது உறுதி. தேடல் ஒருமுறை நடந்தால் போதும். அதன்பின் சுட்டின் வகையே சாட்சி. இதைச் செயற்கூறு என்பதா, ஆவணம் என்பதா? எனக்கு இது வகைக்குள் எழுதப்பட்ட ஆவணமாகவே படுகிறது. விலை கொஞ்சமல்ல: நுழைவதற்கு முன் நீண்ட வாக்குவாதம், நுழைந்தபின் ஆண்டுக்கணக்கில் கோப்புக் கோப்பாக மாற்றும் வேலை. ஒரு சிறு டிரைவருக்கு இந்த அளவு தேவைப்படாது.

இப்போது ஆவணத் தரப்பு. இவர்களிடம் இருக்கும் வலுவான சான்று, நினைவக நிரல் இருக்கும் எம்எம் அடைவின் ஆர்மேப் கோப்பின் தொடக்கத்தில் கிடக்கிறது: எந்தப் பூட்டுக்குள் எந்தப் பூட்டைப் பிடிக்கலாம் என்ற வரிசை, உள்தள்ளி உள்தள்ளி எழுதப்பட்ட ஒரு மரம். கோப்பைக் குறிக்கும் ஐநோடின் பூட்டில் தொடங்கி, எம்மேப் பூட்டு, ஃபோலியோ பூட்டு என்று இறங்குகிறது. இதை எந்தச் செயற்கூற்றுக்குள் வைப்பது? வரிசை என்பது ஓர் இடத்தில் இருப்பதல்ல. பத்துக் கோப்புகளுக்கு இடையில் இருப்பது. மீறினால், பூட்டுகளைக் கண்காணிக்கும் லாக்டெப் கண்டுபிடிக்கும். 2006-லிருந்து அந்த வேலையைச் செய்துவருகிறது. ஆனால் அது உங்கள் தவற்றைச் சொல்லுமே தவிர, புதிய பூட்டு ஒன்றை எங்கே செருகுவது என்று சொல்லாது. விஎம்ஏ பூட்டுகளும் அப்படித்தான். நிரல் சரியாக இருந்தும் முழுப் படத்தை ஒரே இடத்தில் பார்க்க முடியாமல் இருந்தது. லோரென்சோ ஸ்டோக்ஸ் 2024-ன் இறுதியில் அதற்கென எழுதிய ஆவணத்தில், எந்த உறுப்பை எந்தப் பூட்டோடு படிக்கலாம், எதனோடு எழுதலாம் என்று அட்டவணையே இருக்கிறது. என் ஐயாக்டில் பிழைக்கு முன் அது இருந்திருந்தால் படித்திருப்பேனா என்று என்னையே கேட்டுப்பார்த்தேன். பதிலைச் சொல்லப்போவதில்லை.

வாக்குறுதிகளுக்கும் ஆவணம்தான் வழி. கேமல்லாக்கிடம் 512 பைட் கேட்டால் கிடைக்கும் முகவரி 512-ஆல் வகுபடுமா? நடைமுறையில் பெரும்பாலும் வகுபட்டது. யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பிழைதேடும் வசதிகளை இயக்கினால் ஒழுங்கு குலைந்தது. எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் அதில் அடிபட்டன. சீரமைப்போடு ஒதுக்கித் தரும் தனிச் செயற்கூறு ஒன்றைப் புதிதாக எழுதியிருக்கலாம். அதைவிட்டு, 2019-ல் 5.4-ல் விளாஸ்டிமில் பாப்கா ஒதுக்கீட்டாளரையே மாற்றி, அளவு இரண்டின் அடுக்காக இருந்தால் முகவரியும் அந்த அளவுக்குச் சீராக இருக்கும் என்ற உறுதியை ஆவணத்திலும் எழுதிவைத்தார். ஒரே ஒரு வாக்கியம். பழைய அழைப்புகள் எதையும் தொடாமல் அத்தனையும் சரியாயின. புதிய செயற்கூறு என்றால், எவருக்குச் சீரமைப்பு தேவை என்று கெர்னல் முழுக்கத் தேடவேண்டி வந்திருக்கும்.

இன்னொரு வாக்கியம் இதைவிட நுணுக்கமானது. ஜிஎஃப்பி_கெர்னல் என்ற கொடியோடு வரும் சாதாரண நினைவகக் கோரிக்கை, 4 கே.பி. பக்கங்களில் எட்டு வரை, அதாவது 32 கே.பி. வரை, நடைமுறையில் தோற்பதே இல்லை. இதைப் பலர் மனத்துக்குள் நம்பி, தோல்விப் பாதையைச் சோதிக்காமலேயே வைத்திருந்தார்கள். ஆவணம் இன்று சொல்வது ஏறத்தாழ இது: அநேகமாகத் தோற்காது, ஆனால் உறுதி இல்லை, எனவே சோதித்தே ஆகவேண்டும். "அநேகமாக" என்ற சொல்லை நிரலில் எப்படி எழுதுவது? எழுதிய ஓரிடம் எனக்குத் தெரியும். டிஎம்ஏ-வுக்காக, அதாவது சாதனமே நேரடியாக நினைவகத்தை அணுகுவதற்காக, பிடித்துவைத்த பக்கமா என்று சோதிக்கும் செயற்கூற்றின் பெயர் பேஜ்_மேபி_டிஎம்ஏ_பின்ட் என்று வைத்தார்கள். ஒவ்வொரு பிடிப்புக்கும் பக்கத்தின் குறிப்பு எண்ணிக்கையில் 1024 கூட்டுவதால், சாதாரணக் குறிப்புகளே ஆயிரத்தைத் தாண்டினால் ஏமாந்துபோகும் அது. பெயரிலேயே "இருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆவணத்தின் பலவீனம் அது பழசாவதில். எம்மேப்_செம் என்ற பூட்டை 2020-ல், 5.8-ல், எம்மேப்_லாக் என்று மாற்றினார்கள். மிஷெல் லெஸ்பினாஸ் செய்தது. முதலில் நேரடி அழைப்புகளையெல்லாம் எம்மேப்_ரீட்_லாக் போன்ற செயற்கூறுகளாக்கினார்கள். அந்த வேலையின் பெரும்பகுதியை காக்சினெல் என்ற கருவி செய்தது. விதியைச் சொன்னால் ஆயிரம் இடங்களைத் தானே திருத்தும். குறிப்புரைகளுக்கு அது உதவாது. அவற்றுக்கென்று தனித் திருத்தங்கள் தேவைப்பட்டன. எங்கள் டிரைவரில் இன்றும் இரண்டு இடத்தில் பழைய பெயர் குறிப்புரைக்குள் உட்கார்ந்திருக்கிறது. கம்பைலர் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் இடங்களும் உண்டு. கேவிமல்லாக் வருவதற்கு முன், முதலில் கேமல்லாக்கை முயல், தோற்றால், சிதறிய பக்கங்களைச் சேர்த்துத் தரும் விமல்லாக்குக்குப் போ என்ற தர்க்கத்தை ஆளாளுக்கு எழுதிவைத்திருந்தார்கள். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமைக்கு அதன் சொந்தப் பதிப்பே இருந்தது. முதல் முயற்சியில் எச்சரிக்கை அச்சாகக் கூடாது, பெரிய கோரிக்கைக்காக அளவுமீறி முட்டிமோதக் கூடாது என்ற நுணுக்கங்கள் ஒருவரிடம் இருந்தால் இன்னொருவரிடம் இருக்காது. 2017-ல் மிஹால் ஹோக்கோ அதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார். சரி, செயற்கூறு வந்தாயிற்று. ஆனால் விமல்லாக் அன்று பக்க அட்டவணைக்காக உள்ளே எப்போதும் ஜிஎஃப்பி_கெர்னலையே பயன்படுத்தியது. கோப்பு முறைமைக்குள் மறுபடி நுழையாதே என்ற கொடியோடு அழைத்தால் அந்தக் கட்டளையை அதனால் காப்பாற்ற முடியாது. எந்தக் கொடிகள் செல்லும் என்ற எச்சரிக்கை செயற்கூற்றின் தலைக்குறிப்பில்தான் இருந்தது. விமல்லாக் அந்தக் கொடிகளை மதிக்கக் கற்றுக்கொண்டது 2022-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தலைக்குறிப்பைப் படிக்காமல் இதை அழைப்பது ஆபத்தாகவே இருந்தது.

எங்கள் முடிவுக்கு வருகிறேன். பதினொரு துணைச் செயற்கூறுகள் முன்மொழியப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: தவறாக அழைத்தால் இது என்ன செய்யும்? "ஒன்றும் செய்யாது, சுருக்கமாக இருக்கும்" என்று பதில் வந்த ஆறை எடுத்துவிட்டோம். சுருக்கம் வேண்டாம் என்பதல்ல; அது மூடிவைக்கும் மூன்று வரிகளை நேரில் பார்ப்பவருக்கு எந்தப் பூட்டு, எந்தக் கொடி என்பது கண்ணில் படும், மூடினால் படாது. நான்கு தங்கின: அளவுக் கணக்கு வழிந்தால் தோற்பவை இரண்டு, பூட்டைச் சோதிப்பது ஒன்று, வால்பக்கம் வந்தால் எச்சரிப்பது ஒன்று. பூட்டு வரிசையை ஆவணத் தரப்பு கேட்டபடியே கோப்பின் தலையில் எழுதினோம். தனி ஆவணக் கோப்பாக வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். நிரலுக்குப் பக்கத்தில் இல்லாததை, நிரலை மாற்றுபவர் மாற்றமாட்டார்.

என் பழைய குறிப்புரையை அழிக்கவில்லை. "பிடித்திருக்க வேண்டும்" என்ற வாக்கியத்தின் இடத்தில் எம்மேப் எழுதும் பூட்டைச் சோதிக்கும் ஒரு வரி நிற்கிறது. குறிப்புரையில் மிஞ்சியிருப்பது ஏன் என்ற காரணம் மட்டும், ஐந்து வரி.

பதினோராவது இன்னும் மேசையில் கிடக்கிறது: டிஎம்ஏ முடிந்தபின் பிடித்த பக்கங்களை விடுவிப்பது. பின்_யூசர்_பேஜஸ் வழியாக எடுத்ததைப் புட்_பேஜால் விடக்கூடாது, அன்பின்_யூசர்_பேஜ் என்ற செயற்கூற்றால்தான் விட வேண்டும். எடுப்பதும் விடுவதும் எங்கள் நிரலில் வேறு வேறு கோப்புகளில் நடக்கின்றன. எழுதிப் பார்த்த செயற்கூறு, பக்கத்தைப் பார்த்து எப்படி எடுக்கப்பட்டது என்று ஊகிக்க முயன்றது. அதற்குக் கிடைக்கக்கூடிய மிக நேர்மையான விடையே "இருக்கலாம்" என்பதால், அடுத்த வாரம் அந்த இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கிப் பார்க்கப் போகிறோம்.